உங்களுக்குத் தெரியுமா? மென்பொருள்கள் பொய் சொல்லக் கூடாது என்றொரு விதி

“மன்னிப்புக் கேட்கிறேன்” என்று சொல்வதே மன்னிப்புக் கேட்கும் செயலாகிவிடுகிறது. இப்படிச் சொல்லே செயலாவதை ஆக்ஸ்போர்டு தத்துவ அறிஞர் ஜே.எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டு சொற்பொழிவுகளில் விளக்கினார். பல ஆண்டுகள் கழித்து அதுவே, தாமாக முடிவெடுத்து இயங்கும் மென்பொருள் முகவர்களின் மொழிக்கு அடித்தளமானது!

இத்தகைய முகவர்களுக்கான தரங்களை வகுக்க 1996இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ‘ஃபிபா’ (FIPA) அமைப்பு, தெரிவித்தல், வேண்டுதல், முன்மொழிதல், மறுத்தல் என 22 பேச்சுச்செயல்களைத் தர்க்கச் சூத்திரங்களால் வரையறுத்தது. ஒன்றைத் ‘தெரிவிக்கும்’ முகவர் அதை உண்மையென்று நம்பியிருக்க வேண்டும். கேட்கும் முகவருக்கு அது முன்பே தெரியும் என்று எண்ணியிருக்கவும் கூடாது. பொய்க்கும் வெட்டிப்பேச்சுக்கும் சேர்த்தே தடை!

அழகான விதிதான். ஆனால், வேறொரு நிறுவனம் எழுதிய நிரல் எதை ‘நம்புகிறது’ என்று வெளியிலிருந்து எப்படிச் சோதிப்பது? கணினி அறிஞர் முனிந்தர் சிங் 1998இல் இதைக் கூர்மையாகக் கேட்டார். முகவரின் மனத்தைத் துருவாமல், அது பிறருக்குக் கொடுத்த வாக்கைப் பார்க்கச் சொன்னார். ஒரு விலைக்கு விற்பதாக ஒப்புக்கொண்ட முகவர் அந்த விலைக்கே விற்றாக வேண்டும். மீறினால், பரிமாறிய செய்திகளே சாட்சி. முன்பின் அறியாத நிரல்கள் பேரம் பேசும் இணையச் சந்தைக்கு இதுவே பொருத்தமான வழி.