ஊர் சிரித்தது: இணைய முகவரியும் பதிப்புச் சார்பும்

ஆனைக்குட்டம் நகரவில்லை. அர்ச்சுனா ஆறும் அதே இடத்தில்தான் ஓடுகிறது, தண்ணீர் வருகிற வருஷத்தில். ஆனால் இந்த ஊர் 1910க்கு முன்னால் திருநெல்வேலி ஜில்லா, பிறகு இராமநாதபுரம், 1985இல் காமராசர் மாவட்டம், 1997லிருந்து விருதுநகர் மாவட்டம். இவ்வளவு மாறியும் பழைய நிலப்பத்திரங்கள் செத்துப்போகவில்லை. காரணம், நிலத்தை அடையாளம் காட்டும் வேலையை அவை ஜில்லாவின் பெயரை மட்டும் நம்பி விடவில்லை. இன்னார் புஞ்சைக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு என்று நான்கெல்லை சொல்லிவைத்தன. நிர்வாகத்தின் அன்றைய வடிவத்தைப் பத்திரம் மேலே எழுதிக்கொண்டது, ஆனால் அதன்மேல் நிற்கவில்லை.

கணினி நிரல்களும் தொழில்நுட்பத் தரங்களும் இந்த விவேகத்தோடு எழுதப்படவில்லை என்பதே இங்கு பிரச்சினை. இதைப் பொறியாளர்களின் உள்வீட்டு விவகாரமாக விட்டுவிட முடியாது என்றும் நினைக்கிறேன்.

இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண்முகவரி உண்டு. அதை வகுக்கும் ஐபி நெறிமுறையின் நான்காம் பதிப்பு 1981 செப்டம்பரில் எழுதப்பட்டது. 1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் அதற்கு மாறியது. அந்த முகவரியின் நீளம் 32 பிட். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். சில ஆராய்ச்சிக்கூடங்களையும் அமெரிக்க ராணுவத்தையும் மனதில் வைத்தவர்களுக்கு இது கடல். உலகத்துக்குப் போதவில்லை. 2011 பிப்ரவரி 3 அன்று மையக் கையிருப்பு தீர்ந்தது. இந்த நெருக்கடியை முன்கூட்டியே கண்டு 1995இல் ஆறாம் பதிப்பை வரைந்தார்கள் (ஐந்து என்ற எண் வேறொரு பரிசோதனைக்குப் போய்விட்டது). அதில் முகவரி 128 பிட். எண்ணிக்கையை எழுதினால் 39 இலக்கம் வரும்.

இரண்டு பதிப்புகளும் நேரடியாக ஒன்றோடொன்று பேசாது. ஆகவே ஒரே நாளில் மாற வழியில்லை, இரண்டும் நெடுங்காலம் கூடவே இருந்தாக வேண்டும். சென்னைத் தெருக்களில் வாசலுக்கு வாசல் 'பழைய எண், புதிய எண்' என்று இரண்டு எழுதியிருப்பதைப் போல.

சிக்கல் கம்பியில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. முகவரி என்றால் நான்கு பைட்தான் என்று நினைவகத்தில் இடம் ஒதுக்கிய நிரல். முகவரியை எழுத 15 கட்டம் மட்டும் விட்ட தரவுத்தளம் (நான்காம் பதிப்பு முகவரி, புள்ளிகள் உட்பட, அதற்கு மேல் நீளாது, ஆறாவது 39 வரை போகும்). நிறுத்தற்குறி வந்தால் அதற்கப்புறம் போர்ட் எண்தான் என்று நம்பிய நிரல்; ஆறாம் பதிப்பிலோ முகவரிக்குள்ளேயே முக்காற்புள்ளிகள். இவை பிழைகள்கூட அல்ல. எழுதியவரின் உலகம் எழுத்துக்குள் வெளித்தெரியாமல் உறைந்து, இயல்பானதாக வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறது. இலக்கியப் பிரதிகளில் நாம் சலிக்காமல் தேடுகிற சமாச்சாரம்தான்.

எஃப்டிபி ஒரு நல்ல உதாரணம். கோப்புகளை அனுப்பும் இந்த நெறிமுறையின் 1985ஆம் ஆண்டுப் பிரதியில், 'இந்த இடத்துக்குக் கோப்பை அனுப்பு' என்று சொல்ல ஆறு எண்களைக் காற்புள்ளியிட்டு எழுத வேண்டும். முதல் நான்கு ஐபி முகவரி, கடைசி இரண்டும் சேர்ந்து போர்ட். அதாவது உறைமேல் இருக்க வேண்டிய முகவரியைக் கடிதத்துக்குள்ளும் எழுதியாயிற்று, அதுவும் நான்கே எண்ணாக. ஆறாம் பதிப்பு வந்தபோது அதை எழுத இடமே இல்லை. முகவரிப் பஞ்சத்தால் ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்துகொண்டபோதோ, இடையில் நின்ற கருவி கடிதத்தைப் பிரித்து, உள்ளே இருந்த முகவரியைத் திருத்தி, மறுபடி ஒட்டி அனுப்ப வேண்டிவந்தது. மறையாக்கம் செய்த கடிதத்தை அப்படிப் பிரிக்கவும் முடியாது. 1998இல் இதற்கு இரண்டு திருத்தங்கள் செய்தார்கள். ஒன்று, எந்தப் பதிப்பு முகவரி என்று முன்னால் ஓர் எண் போட்டு, அப்புறம் முகவரியை எழுதுவது. மற்றது எனக்குப் பிடித்தது: முகவரியே சொல்லாமல் போர்ட் எண்ணை மட்டும் சொல்வது. 'ஏற்கெனவே என்னோடு பேசிக்கிட்டுத்தானே இருக்க? அதே வீட்டுக்கு வா, இந்தக் கதவைத் தட்டு.' அந்த வீட்டின் எண் பழையதா புதியதா என்ற கேள்வியே எழவில்லை. பதிப்புச் சாராமை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமென்று தோன்றவில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது புதிய அனுபவம் அல்ல. 'ஆனை'யில் உள்ள 'னை' 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சில் தும்பிக்கை மாதிரி வளைந்த கொம்போடு இருந்தது. அரசாணை அதை நறுக்கியது. கணினி வந்தபோது ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எண் கொடுத்தது. 1999இல் தமிழக அரசு டாப், டாம் என்று இரண்டு தரங்களைக் கொண்டுவந்தது. டிஸ்கி என்று இன்னொன்றும் புழங்கியது. பெரும்பாலும் இவை எழுத்தைச் சேமிக்கவில்லை, எழுத்தின் வடிவத்தைச் சேமித்தன; கண்ணுக்குக் கொம்பு முன்னால் தெரிகிறது என்பதால் கோப்பிலும் கொம்பு முன்னால். யூனிகோடு வேறு மாதிரி யோசித்தது. அதில் 'னை' என்பது னகரமும் ஐகாரக் குறியும், அவ்வளவுதான். தும்பிக்கையோடு வரைவதா இல்லாமல் வரைவதா என்பது எழுத்துருவின் பாடு. கோப்பில் ஓர் எண்கூட மாறாது. நாளைக்கு இன்னொரு சீர்திருத்தம் வந்தாலும் ஆனை பத்திரம். தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் சிவகாசிப் பக்கம் ஓர் அச்சகத்துக்கு யூனிகோடில் கட்டுரை அனுப்பினால், பழைய மென்பொருளுக்காக அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுகிறார்கள். பிறகு போன் வரும்: 'அண்ணாச்சி, கொம்பெல்லாம் எடம் மாறி நிக்குது, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க.'

இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் தன் பிரதிகளைத் தானே மறுவாசிப்புச் செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2004 ஜூனில் எட்டு ஆவணங்கள் வந்தன. புழக்கத்தில் இருக்கும் தரங்களில் நான்காம் பதிப்பின் முகவரி எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்ற நெடிய பட்டியல் அது. நம் பல்கலைக்கழகங்கள் எதுவும் தன் பாடநூல்களை இப்படி வாசித்ததாக எனக்குத் தெரியவில்லை. 2005இல் நிரலாளர்களுக்கான வழிகாட்டி வந்தது. சாரம் இதுதான்: பெயரைக் கையில் வைத்துக்கொள், முகவரியைக் கையில் வைத்துக்கொள்ளாதே. பெயரைக் கொடுத்தால் அதற்குரிய முகவரிகளை, எந்தப் பதிப்பாக இருந்தாலும், வரிசையாகத் தரும் பொதுவான செயல்கூறு இருக்கிறது. ஒவ்வொன்றாக முயன்று பார். 2016 ஜூன் 1 முதல் ஆப்பிள், ஆறாம் பதிப்பு மட்டுமே உள்ள வலையில் ஓடாத செயலிகளைக் கடையில் ஏற்பதில்லை என்றது. அதே ஆண்டு நவம்பரில் இணையக் கட்டமைப்பு வாரியம் மற்றத் தர அமைப்புகளிடம், புதிய தரங்கள் நான்காம் பதிப்பை நம்பி நிற்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டது.

இங்கே 'ஆறாம் பதிப்புக்கு ஆதரவு' என்பதும் 'பதிப்புச் சாராமை' என்பதும் ஒன்றல்ல. முன்னது ஒரு மையத்தை இறக்கி இன்னொன்றை ஏற்றுவது. ஆறாம் பதிப்பும் அப்பாவி அல்ல: ஆரம்பத்தில் கருவியின் வன்பொருள் எண்ணையே முகவரியின் பின்பாதியில் வைக்கும் முறை அதில் இருந்தது. எந்த ஊர் போனாலும் அந்தப் பின்பாதி மாறாது, பின்தொடர்பவனுக்கு வசதி. 2001இல்தான் அவ்வப்போது மாறும் முகவரிகளுக்கான முறையை வகுத்தார்கள். 128 பிட்டை நிரலுக்குள் ஆணியடித்து வைப்பவர் 1981இன் தவறையே பெரிய அளவில் செய்கிறார்.

யார் தலையில் விடிகிறது என்று கேட்போம். முகவரிப் பஞ்சத்தால் சேவை நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே நான்காம் பதிப்பு முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. நம்மூர் வளவு மாதிரி: தெருவுக்கு ஒரே கதவெண், உள்ளே பன்னிரண்டு குடும்பம். நீங்கள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரும். முன்பின் தெரியாதவர் முதல் கடிதம் போட்டால் உங்களிடம் வந்து சேராது. வீட்டில் ஒரு பழைய கணினியை வைத்துச் சிறுபத்திரிகை ஆவணக்காப்பகம் நடத்த நினைத்தால் முடியாது, பெருநிறுவனத்திடம் இடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். ஆக, கேட்பவன் கேட்டுக்கொண்டே இருப்பான்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 'ஒரு முகவரி, ஓர் ஆள்' என்ற அனுமானம் நிரலிலிருந்து காவல்நிலையம் வரை போயிருக்கிறது. இலக்கணத்தில் இதை இடவாகுபெயர் என்போம். 'ஊர் சிரித்தது' என்றால் ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள். யார் சிரித்தார் என்று அந்த வாக்கியம் சொல்லாது. ஐபி முகவரி அத்தகைய சொல். அதை இயற்பெயராக வாசித்தால் ஊரில் யாரையாவது பிடித்துப்போட வேண்டியதுதான். 2007இல் பெங்களூரில் ஒரு கணினிப் பொறியாளர், ஆர்குட்டில் சிவாஜியை அவமதித்த படம் போட்டார் என்று கைதாகி 50 நாள் புனே சிறையில் இருந்தார். சேவை நிறுவனம் அந்த முகவரிக்குக் கொடுத்த ஆள்விவரம் தவறு. பகிர்வு முகவரிகள் பெருகியபின் இந்த அபாயம் கூடியிருக்கிறது. முகவரியோடு போர்ட் எண்ணையும் துல்லியமான நேரத்தையும் குறித்துவை என்று 2011இலேயே சேவையக நிர்வாகிகளுக்குப் பரிந்துரை வந்தாயிற்று. போர்ட்டுக்கு ஒரு பத்தியே இல்லாத பதிவேட்டில் எங்கே குறிப்பது?

இந்தியாவில் நிலைமை விசித்திரமானது. தொலைத்தொடர்புத் துறை 2010லும் 2013லும் ஆறாம் பதிப்புக்கான வழித்தடம் வெளியிட்டது. அரசுத் தளங்கள் மெதுவாகவே நகர்ந்தன. ஆனால் 2016இல் வந்த ஜியோ தன் 4ஜி வலையை ஆரம்பத்திலேயே ஆறாம் பதிப்போடு கட்டியதால், பட்டாசு ஆலை வாசலில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்கிறவர் கையிலுள்ள போன் பெரும்பாலும் புதிய முகவரியில் இருக்கிறது. பழைய முகவரியில் மட்டும் உள்ள தளத்தை அவர் திறந்தால் நிறுவனத்தின் பகிர்வுக் கருவி வழியாகவே போக வேண்டும், வளவு வாசலில்.

ஆகவே தோழர்களே, உங்கள் பத்திரிகைக்கோ இயக்கத்துக்கோ தளம் கட்டித்தருகிறவரிடம் சிலது கேளுங்கள். எங்கள் தளத்தின் பெயருக்கு இரண்டு பதிப்பு முகவரியும் கொடுத்திருக்கிறீர்களா? நிரலுக்குள் எங்காவது எண்முகவரி நேரடியாக எழுதியிருக்கிறதா? பின்னூட்டம் இடுவோரின் முகவரியைச் சேமிக்கிறீர்களா, எதற்கு, எத்தனை நாளைக்கு? பிறகு நான்காம் பதிப்பை அணைத்துவைத்த ஒரு கணினியில் தளத்தைத் திறந்துகாட்டச் சொல்லுங்கள். திறந்தால் பாக்கிப் பணத்தைக் கொடுக்கலாம்.