கரும்பும் கடைவாய்ப் பல்லும்

கள்ளக்குறிச்சி கரும்பு விளையும் மண். பொங்கல் நாள்களில் கரும்பைப் பல்லால் உரித்துத் தின்பது நம் வழக்கம். அப்போது பல் உடைந்துவிட்டால், மனிதரின் கடி வலுவற்றது என எண்ணத் தோன்றும். அது சரியன்று.

சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகிய வாலில்லாக் குரங்குகளின் தாடைத் தசைகள் நம்முடையவற்றைவிடப் பெரியவை. ஆயினும் அவற்றைப் போல நம் முகம் முன்னோக்கி நீண்டிருப்பதில்லை; தாடை குட்டையானது. பாக்குவெட்டியில் அச்சாணிக்கு அருகே வைத்த பாக்கு எளிதில் வெட்டுப்படுவது போல, தாடை மூட்டுக்கு அருகிலுள்ள கடைவாய்ப் பற்களில் குறைந்த தசைவிசையே மிகுந்த அழுத்தமாகிறது. 2010ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மண்டையோடுகளைக் கணினி வழியே ஒப்பிட்டு, நம் கடி திறன்மிக்கது எனக் காட்டினர். நம் கடைவாய்ப் பல்லின் எனாமலும் சிம்பன்சியினுடையதைவிடத் தடித்தது.

ஆனால் அக்குரங்குகளுக்குரிய நீண்ட கோரைப்பற்கள் நமக்கில்லை. மெல்லிய நம் முன்பற்கள் பக்கவாட்டில் இழுத்துக் கிழிக்கும் விசைக்கு ஏற்றவையல்ல. ஆகவே கரும்பைக் கத்தியால் சீவித் துண்டாக்கி, கடைவாயில் மெல்லுமாறு வேண்டுகிறோம். சோடா மூடியைப் பல்லால் திறத்தலும் தகாது.

நிரந்தரப் பல் வேரோடு விழுந்துவிட்டால் வேரைத் தொடாது, தேய்க்காது, பாலில் இட்டு, ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். மீண்டும் பொருத்த வாய்ப்புண்டு. கல்வராயன் மலைச் சிற்றூர்களில் வாழ்வோர் சிறிதும் தாமதியாது புறப்படுக. குழந்தைகளின் பால்பல்லுக்கு இது பொருந்தாது; எனினும் மருத்துவரிடம் காட்டுவது நன்று.