குழாய் அகன்ற பின்னும் வேண்டிய துணை

பாலாற்றங்கரையை ஒட்டி இராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை நீண்டு கிடக்கும் தோல் தொழிற்பிரதேசத்தில், ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையொன்றில் தையல் இயந்திரத்தின் முன் நாளெல்லாம் உழைக்கும் பெண்ணொருத்திக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவம் நேர்ந்து, குழந்தை வென்டிலேட்டரில் வைக்கப்பட்டுவிட்டால், "குழாயை எப்போது எடுப்பார்கள்?" என்பதே அக்குடும்பத்தின் இடையறாத பிரார்த்தனையாகிறது. ஆனால், குழாயை எடுத்த கணத்திலேயே அடுத்த சோதனை ஆரம்பமாகிறது.

குறைமாதக் குழந்தையின் நுரையீரலில், காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் வஸ்து போதிய அளவு சுரப்பதில்லை. விலா எலும்புகளோ மிருதுவானவை. மூளையும் இடையிடையே சுவாசத்தை நிறுத்திவிடும். வென்டிலேட்டர் உயிரைக் காப்பதாயினும், நெடுநாள் நீடித்தால் அதன் அழுத்தமே நுரையீரலைப் புண்படுத்தும். 1963இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் ஆண்மகவே சர்ஃபாக்டன்ட் குறைவால் வரும் சுவாச நோயால் இரண்டு நாளைக்கூடப் பூர்த்தி செய்யாமல் மாண்டது. 1971இல் சான்பிரான்சிஸ்கோவின் ஜார்ஜ் கிரிகரி என்னும் வைத்தியர், இடைவிடாத மெல்லிய காற்றழுத்தம் காற்றறைகளைத் திறந்தே வைத்திருக்கும் என்று நிரூபித்தார். அதுவே சி-பேப் சிகிச்சை; குழாயை அகற்றியவுடன் மூக்கின் வழியே இதை அளிப்பதும், சுவாசத்தைத் தூண்டக் கஃபீன் மருந்து கொடுப்பதும் இன்றைய வழக்கம்.

இதன் எளிய வடிவத்தில், குழந்தை வெளிவிடும் காற்றைக் கொண்டுசெல்லும் குழாயின் நுனியை நீருக்குள் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் அமிழ்த்தி வைத்தால், அந்த ஆழமே அழுத்தத்தின் அளவாகிவிடுகிறது. குமிழிகள் நின்றுவிட்டால், மூக்கருகிலோ திறந்த வாய் வழியாகவோ காற்று கசிகிறது என்று செவிலியர் உணர்கிறார். மூக்குத் தண்டை அழுத்திப் புண்ணாக்காதபடி, மூக்கில் பொருத்திய குழாய் முனைகளைச் சரிசெய்கிறார். வயிற்றில் சேரும் காற்றைச் சிறு குழாயால் வெளியேற்றுகிறார்.

1900இல் ஒரே படுக்கையுடன் வேலூரில் வைத்தியசாலை தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், 1909இலேயே செவிலியர் பயிற்சிப் பள்ளியையும் நிறுவியதன் தீர்க்கதரிசனம் இங்கேதான் விளங்குகிறது. யந்திரம் எளிதாக ஆக, அதைக் காக்கும் மனிதரின் கவனம் மேலும் அவசியமாகிறது. ஆம்பூரிலிருந்து வேலூருக்குள்ள ஏறத்தாழ 50 கிலோமீட்டர், மூச்சுக்குத் தவிக்கும் சிசுவுக்கு மிக நீண்ட தூரம். ஆதலின் இச்சாதனமும், அதை இரவுபகலாகக் கண்காணிக்கப் பயிற்சி பெற்ற செவிலியரும், நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் இத்தொழிலாளப் பெண்களின் ஊர் மருத்துவமனைகளிலேயே கிடைக்கச் செய்வது, அவர்களுக்கு நாம் காட்டும் தயவன்று. தீர்க்க வேண்டிய கடனாகும்.