ஆணியும் கிணற்று நீரும்

கும்மிடிப்பூண்டிச் சிப்காட் வளாகத்தில், காயலான் கடைகளிலிருந்து லாரி லாரியாக வந்திறங்கும் பழைய இரும்பு மின்னுலைகளில் உருகிக் கட்டிகளாக வார்க்கப்பட்டு, மீண்டும் காய்ச்சி உருளைகளுக்கிடையே நீட்டப்பட்டு, வீடு கட்டுவோர் வாங்கும் முறுக்குக் கம்பியாக வெளியேறுகிறது. அந்த உலையருகே ஷிப்டு முடித்து வீடு திரும்பும் தொழிலாளியின் பிள்ளை, இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் வேண்டும் என்ற வாக்கியத்தைப் பரீட்சைக்காக உருப்போட்டுக்கொண்டிருப்பானாயின், தகப்பனாருக்கு இரும்பு தெரிந்து, மகனுக்கு அதைப் பற்றிய வாக்கியம் மட்டுமே தெரிந்த விசித்திர நிலை அந்த வீட்டில் நேர்ந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். செய்து பார்த்துக் கற்கும் விஞ்ஞானக் கல்வி இந்தப் பள்ளத்தைத் தூர்ப்பதற்கென்றே ஏற்பட்டது.

அந்தத் துருப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று சோதனைக் குழாய்கள். துத்தநாகப் பூச்சில்லாத மூன்று இரும்பாணிகள். முதற்குழாயில் ஆணி பாதி மூழ்கும்படி சாதாரண நீர். இரண்டாவதில், கரைந்துள்ள காற்று வெளியேறும் வரை கொதிக்கவைத்து ஆறிய நீரை ஆணி முழுதும் மறைய ஊற்றி, அதன்மேல் எண்ணெயால் ஒரு படலம். மூன்றாவதில் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடை இட்டு இறுக அடைத்த தக்கை. நாலைந்து நாள் கழித்துப் பார்த்தால் முதற்குழாயின் ஆணி மட்டும் செம்பழுப்பாகப் பொரிந்திருக்கும். எண்ணெய் எதற்கு என்று ஒரு மாணவி கேட்பாளாயின், ஆசிரியர் உடனே விடை சொல்லாமல், எண்ணெய் ஊற்றாத குழாய் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம்; பொறுத்திருந்து அவளே கண்டுகொள்வாள். விடையைக் காட்டிலும் இந்தப் பொறுமையே உயர்ந்த பயிற்சி என்பது என் துணிபு.

இன்னொரு குழாயில் மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணற்று நீரை ஊற்றினால் பாடம் ஊருக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆரணியாறும் கொசஸ்தலையும் பாயும் அந்தப் பிரதேசத்தில், பாசனத்துக்கும் சென்னை நகரின் தாகத்துக்குமாக நிலத்தடி நீரை அளவு மீறி இறைத்ததன் பயனாகக் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்த்துப்போனமை, நீரியல் வல்லுநர்கள் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் விஷயம். ஒரு பாட்டரி, ஒரு மின்தடை, ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு, நீரில் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் இரண்டு ஆணிகள் ஆகியவற்றைக் கம்பியால் வரிசையாக இணைத்தால், மழைநீரில் மங்கிக் கிடக்கும் விளக்கு உவர்நீரில் பளிச்சென்று எரியும். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துகிறது என்பதும், துருவேறுதலும் ஒரு மின் ரசாயன நிகழ்ச்சியாதலால் உவர்நீரில் இரும்பு விரைந்து கெடுகிறது என்பதும் அப்போது பிரத்தியட்சமாகும். தத்தம் தெருக் கிணற்று நீரைப் பிள்ளைகள் சீசாக்களில் கொணர்ந்து, எது எவ்வளவு உவர்ப்பு என்று ஊர்ப் படத்தில் குறித்தார்களானால், அந்தப் படம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காத அறிவு. காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுடன் 2010-இல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை எதற்காக என்பதை அதன்பின் யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவ்வழி நம் தேசத்தில் முன்பே நடந்து பார்த்த வழி. 1972-இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் ஜில்லாவில், கிஷோர் பாரதி, ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்னும் இரு ஸ்தாபனங்கள் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. பரிசோதனையே பாடம், புத்தகத்தில் செய்முறையும் கேள்விகளும் இருந்தனவேயன்றி விடைகள் இல்லை, பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். சைக்கிள் வால்வு ட்யூபையும் தீக்குச்சிகளையும் கொண்டு கன வடிவங்கள் செய்யக் கற்பித்து, 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அரவிந்த் குப்தா, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர், இந்தப் பட்டறையில் உருவானவரே. பின்னர் ஏகலவ்யா ஸ்தாபனத்தின் பொறுப்பில் வளர்ந்த அத்திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டு உழைப்பு ஓர் ஆணையால் நின்றுபோனதை எண்ண மனம் பொறுக்கவில்லை.

நம் மாநிலத்தில் 28-11-2022 அன்று தொடங்கப்பட்ட வானவில் மன்றம், 13,210 அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பரிசோதனைகளைக் கொண்டு செல்கிறது. கருத்தாளர்கள் உபகரணங்களுடன் பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளைச் செய்ய வைக்கிறார்கள். மனமாரப் பாராட்டத்தக்க காரியம். ஆனால் ஒன்பது, பத்தாம் வகுப்புகளை எட்டியதும் பொதுத்தேர்வின் நிழல் விழுந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்தில் செய்முறைக்கென்று 25 மதிப்பெண் ஒதுக்கியிருந்தும், பல இடங்களில் ஆசிரியர் மேசைமீது செய்து காட்ட, பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் பார்த்தெழுதுவதோடு அது சடங்காய் முடிகிறது. மத்திய அரசு 2016 முதல் தெரிந்தெடுத்த பள்ளிகளுக்கு 20 லட்ச ரூபாய் வரை மானியமளித்து அமைத்துவரும் அடல் டிங்கரிங் ஆய்வகங்களின் முப்பரிமாண அச்சு இயந்திரங்களும் நல்லவையே. எனினும் முதலில் வேண்டுவது, ஒவ்வொரு பிள்ளையும் குழாயைத் தொடுவதற்கான நேரமும், வந்த விடை புத்தகத்தோடு ஒவ்வாதபோதும் வந்தபடியே எழுதுவதற்கான சுதந்திரமும்தான்.

கும்மிடிப்பூண்டியும் மீஞ்சூரும் அடங்கிய இந்த ஜில்லா விஞ்ஞானத்துக்குப் புதிதன்று. அத்திரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர் காலடி மண்ணை உற்றுப் பார்த்துக் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவ்விடத்துக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுத் தொன்மை வாய்ந்தவை என்று 2011-இல் வெளியான ஆராய்ச்சி நிறுவியது. அத்தகைய கருவிகளைக் காணப் பூண்டி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது இங்குள்ள எந்தப் பள்ளிக்கும் எளிது.

சிப்காட் ஆலை அதிபர்கள், தக்க பாதுகாப்போடு, ஆண்டுக்கொரு முறையாவது அருகிலுள்ள பள்ளியின் மாணவர்களுக்கு உலைக்கூடத்தைத் திறந்து காட்ட வேண்டும். அங்கு வேலை செய்யும் தகப்பன்மாரே விளக்கிச் சொல்லட்டும். பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், மதிப்பெண்ணை விசாரிக்குமுன், இந்த மாதம் என் பிள்ளை தன் கையால் செய்த பரிசோதனை எது என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.