விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் 'உதவி' மென்பொருள்: அப்டேட் பண்ணாம விட்டா என்ன ஆகும்?

நீங்கள் மொபைலில் திறக்கும் பல ஆப்களுக்குப் பின்னால் இருக்கும் சர்வர்கள் தனித்தனி கம்ப்யூட்டர்கள் கிடையாது. ஒரே பெரிய கம்ப்யூட்டரை மென்பொருளால் பல அறைகளாகப் பிரித்து உருவாக்கிய 'விர்ச்சுவல் மெஷின்'கள்தான். அவற்றில் இருக்கும் விண்டோஸை, லினக்ஸை ஒழுங்காக அப்டேட் செய்துவிடுவார்கள். உள்ளே சத்தமில்லாமல் ஓடும் உதவி மென்பொருளைத்தான் மறந்துவிடுவார்கள். 2021லும் 2025லும் சிக்கல் வந்தது அங்கேதான்.

அது என்ன மென்பொருள்?

விஎம்வேர் டூல்ஸ், விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்ட் அடிஷன்ஸ் என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. வெளியே இருக்கும் நிஜ கம்ப்யூட்டருக்கும் உள்ளே இருக்கும் மெஷினுக்கும் நடுவில் தகவல் சொல்லும் ஆள் இது. நேரத்தைச் சரியாக வைப்பது, திரையின் அளவை மாற்றுவது, இங்கே காப்பி செய்ததை அங்கே பேஸ்ட் செய்ய விடுவது, மெஷினை முறையாக ஷட்-டவுன் செய்வது எல்லாம் இதன் வேலை. இதுக்கெல்லாம் அதிக அதிகாரம் தேவை. ஆபத்தும் அதனாலதான்.

பெயரை மட்டும் பார்த்து ஏமாந்த கதை

விஎம்வேர் டூல்ஸில் ஒரு வசதி உண்டு. மெஷினுக்குள் என்னென்ன சேவைகள் ஓடுகின்றன, எந்த வெர்ஷன் என்று கண்டுபிடித்து நிர்வாகிக்குச் சொல்லும். எப்படிக் கண்டுபிடிக்கும்? ஓடும் புரோகிராமின் பெயரைப் பார்க்கும். தெரிந்த பெயராக இருந்தால், 'உன் வெர்ஷன் என்ன?' என்று கேட்க அந்த ஃபைலை உயர் அதிகாரத்தோடு இயக்கும். ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதைச் சரியாகப் பார்க்கவில்லை.

ஏற்கெனவே சாதாரண யூசராக உள்ளே நுழைந்த ஒருவர், யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய டெம்ப் ஃபோல்டரில் பிரபல வெப் சர்வரின் பெயரில் ஒரு போலி ஃபைலை வைத்து ஓடவிட்டால் போதும். அடுத்த சோதனையில் முழு மெஷினும் அவர் கையில். (இந்த வசதி ஆன் செய்யப்பட்டிருக்கும் மெஷின்களில்தான் இது நடக்கும்.)

சிவிஇ-2025-41244 என்ற எண் கொண்ட இந்த ஓட்டைக்கு 2025 செப்டம்பர் 29 அன்று பிராட்காம் திருத்தம் வெளியிட்டது. ஆனால் 2024 அக்டோபர் மத்தியிலிருந்தே இது பயன்படுத்தப்பட்டு வந்ததாக என்விசோ நிறுவனம் சொன்னது. ஏறக்குறைய ஒரு வருஷம்!

2021ல் அஸூர்

இது இன்னும் மோசம். அப்போது மைக்ரோசாஃப்டின் அஸூர் கிளவுடில் லினக்ஸ் மெஷின் வைத்திருந்தவர்கள் சில கண்காணிப்புச் சேவைகளை ஆன் செய்தபோது, 'ஓஎம்ஐ' என்ற ஏஜென்ட் தானாகவே உள்ளே உட்கார்ந்துவிட்டது. பலருக்கு அது இருந்ததே தெரியவில்லை. 'நான் யார்' என்று சொல்லும் பகுதியை எடுத்துவிட்டு ஒரு கோரிக்கை அனுப்பினால், ஓஎம்ஐ அவரை 'ரூட்' யூசராகவே ஏற்றுக்கொண்டது. போர்ட் இணையத்துக்குத் திறந்திருந்தால் எங்கிருந்தும் நுழையலாம். கண்டுபிடித்தது விஸ் நிறுவனம். ஆபத்து மதிப்பெண் 10க்கு 9.8. இருப்பதே தெரியாத மென்பொருளை அப்டேட் பண்ணுங்கன்னா யார் பண்ணுவாங்க?

ஏன் தள்ளிப்போடுகிறார்கள்?

பயம்தான். இந்த மென்பொருளுக்குள் நெட்வொர்க், டிஸ்க் டிரைவர்களும் இருக்கும். அப்டேட் நடுவில் சொதப்பினால் நெட்வொர்க் போய்விடும். விண்டோஸில் பெரும்பாலும் ரீஸ்டார்ட் கேட்கும். அதனால் அனுபவமுள்ள நிர்வாகிகள் முதலில் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, இரண்டு மூன்று மெஷின்களில் பார்த்துவிட்டுத்தான் மற்றதில் கை வைப்பார்கள். லினக்ஸில் இந்த வேலை சுலபம். 'ஓப்பன் விஎம் டூல்ஸ்' வழக்கமான சிஸ்டம் அப்டேட்டோடு சேர்ந்தே வந்துவிடும், அந்த அப்டேட்டை ஓட்டினால்!

லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு லினக்ஸ் கற்கும் மாணவர்களுக்கு: வெளியே விர்ச்சுவல்பாக்ஸை அப்டேட் செய்தால் உள்ளே இருக்கும் கெஸ்ட் அடிஷன்ஸ் தானாக மாறாது. 'டிவைசஸ்' மெனுவில் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடியைச் செருகி மறுபடியும் இன்ஸ்டால் செய்ய வேண்டும். லினக்ஸ் கெர்னல் அப்டேட் ஆன மறுநாள் ஷேர்ட் ஃபோல்டர் காணாமல்போனால், பெரும்பாலும் புதிய கெர்னலுக்கான ஹெடர் பேக்கேஜ் இல்லாததே காரணம். அதைப் போட்டுவிட்டு, கெஸ்ட் அடிஷன்ஸை இன்னொரு முறை இன்ஸ்டால் செய்து பாருங்கள்.