ஊசியின் பெயரில் ஒரு பட்டினி

நாள் தள்ளிப்போன பெண் மருந்துக் கடையிலிருந்து ஒரு சின்ன அட்டை வாங்கி வந்து, விடிந்ததும் முதல் வேலையாக நாலு சொட்டுச் சிறுநீர் விட்டுப் பார்க்கிறாள். இரண்டாவது கோடு மெல்லத் தெரிகிறது. அந்தக் கோட்டைக் காட்டிக்கொடுப்பது எச்.சி.ஜி. என்ற ஹார்மோன். கரு கருப்பையில் ஒட்டியதுமே சுரக்கத் தொடங்கி, கர்ப்பம் கலையாமல் காப்பது அதன் வேலை. அதையே ஊசியில் ஏற்றிக்கொண்டால் உடம்பு இளைக்கும் என்ற நம்பிக்கைக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் ஆகிறது.

தொடங்கி வைத்தவர் ஆல்பர்ட் சிமியன்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். பம்பாயில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். இடுப்பும் தொடையும் பருத்து, பருவ வளர்ச்சி தடைப்பட்ட சிறுவர்களுக்கு இந்த ஹார்மோனைக் கொடுத்தபோது அவர்களுடைய பசி அடங்கி, இடுப்புச் சதை குறைந்ததாக அவருக்குத் தோன்றியது. வயிற்றுக் குழந்தைக்காகத் தாயின் கொழுப்பைக் கரைத்துக் கொடுக்கும் ஹார்மோன் இது, எனவே பருமனானவரின் கொழுப்பையும் கரைக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். பிறகு ரோமுக்குப் போய், 1954இல் 'லான்செட்' இதழில் தன் முறையை எழுதினார். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் கண்ணால் கண்டதை முழுசாக நம்பியவர். ஆனால் அவர் கண்ட மாற்றத்துக்குக் காரணம் ஊசியா, ஊசியோடு அவர் கொடுத்த சாப்பாடா?

அந்தச் சாப்பாட்டைப் பாருங்கள். காலையில் சர்க்கரை இல்லாத காபியோ டீயோ. பால் நாள் முழுவதற்கும் ஒரே ஒரு மேஜைக்கரண்டி. மதியம் கொழுப்பு நீக்கி எடை போட்ட நூறு கிராம் இறைச்சி அல்லது மீன், ஏதாவது ஒரு காய், கடக்கென்று ஒடியும் குச்சி ரொட்டி ஒன்று, ஒரு ஆப்பிள். இரவுக்கும் அதே. எண்ணெய், வெண்ணெய் துளிகூடக் கூடாது. முகத்துக்குக் கொழுப்புள்ள கிரீம் தடவவும் தடை. மொத்தம் 500 கலோரி. இப்படி நாற்பது ஊசி வரை.

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, பட்டினி மனிதனை என்ன செய்கிறது என்று அறிய 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். அவர்களுக்குக் கொடுத்தது நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. அதற்கே தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள், வெயில் காலத்திலும் குளிரில் நடுங்கினார்கள், மனம் சோர்ந்துபோனார்கள். பட்டினி என்று பெயர் வைத்து ஆராய்ந்த அந்த உணவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாததுதான் ஊசிக்காரர்களின் 500.

அந்த இளைஞர்கள் பருமனானவர்கள் அல்லவே, பருமனானவரிடம் சேமிப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் உடம்பு கொழுப்பை மட்டும் பொறுக்கி எடுத்துச் செலவழிப்பதில்லை. முதல் வாரத்தில் தராசு முள் மளமளவென்று இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர். அப்புறம் கொழுப்போடு தசையும் கரைகிறது, இதயமும் தசைதான். பொட்டாசியம் போன்ற உப்புகள் குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். 1970களில் புரத நீரை மட்டும் குடித்து இளைக்கும் முறை அமெரிக்காவில் பரவியபோது, இதயம் இப்படித் தடுமாறி இறந்தவர்கள் பலர்.

பித்தப்பையின் கதை வேறு. நாம் சாப்பிடும் எண்ணெயும் நெய்யும் குடலில் இறங்கும்போதுதான் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளியே தள்ளும். கொழுப்பே இல்லாத சாப்பாட்டில் அதற்கு வேலை இல்லை. நீர் அப்படியே தேங்குகிறது. அதே நேரத்தில் வேகமாகக் கரையும் உடற்கொழுப்பிலிருந்து கொலஸ்டிரால் அந்தத் தேங்கிய நீரில் வந்து சேர்கிறது. கல் உருவாக இதைவிடத் தோதான இடம் வேண்டாம். எடை குறைந்த மகிழ்ச்சியில் இருப்பவர் ஒரு நாள் விலாவுக்குக் கீழே வலது பக்கம் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுவது இதனால்தான். மிகக் குறைந்த கலோரி உணவை மருத்துவர்களும் சிலருக்குக் கொடுப்பதுண்டு; ரத்தப் பரிசோதனையும் நேரடிக் கண்காணிப்பும் கூடவே இருக்கும்.

ஊசியும் வெறும் தண்ணீர் அல்ல. குழந்தைப்பேறு சிகிச்சையில் கருமுட்டை வெடிக்கப் போடுகிற ஊசி இதுதான். விதை கீழே இறங்காத சிறுவர்களுக்கும் கொடுக்கிறார்கள். அங்கே அது மருந்து, மதிப்புள்ள மருந்து. காரணமில்லாமல் ஏற்றிக்கொண்டால் தலைவலி, எரிச்சல், மனச்சோர்வு, நீர் கோத்த வீக்கம் வரலாம். ஆண்களுக்கு மார்பு பெருக்கலாம். ரத்தக்கட்டி ஏற்படும் அபாயமும் உண்டு. போதாததற்கு, கர்ப்பப் பரிசோதனை அட்டை பொய்க் கோடு காட்டும்.

இத்தனைக்கும் அந்த ஊசி எடையைக் குறைக்கவாவது செய்கிறதா? ஒரு குழுவுக்கு ஹார்மோன், இன்னொரு குழுவுக்கு வெறும் உப்புத் தண்ணீர், யாருக்கு எது என்று போடுபவருக்கும் தெரியாது, சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றே: இப்படிப் பலமுறை சோதித்துப் பார்த்தார்கள். 1995இல் 24 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, பருமனைக் குறைக்க இந்த ஹார்மோன் உதவுகிறது என்பதற்கு ஆதாரமே இல்லை என்று முடிவு வந்தது. இளைக்க வைத்தது பட்டினி. ஊசி அதற்கு வைத்தியம் என்ற மரியாதையைக் கொடுத்தது. தினமும் ஒருவர் ஊசி போட்டு, எடை பார்த்து, தட்டிக்கொடுக்கும்போது பசியைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

இந்த நம்பிக்கையை வைத்துச் சம்பாதித்தவர்கள் ஏராளம். கெவின் ட்ரூடோ என்ற அமெரிக்கர் 2007இல் இந்த முறையைப் புத்தகமாக்கி, வீட்டிலேயே செய்யலாம், எளிது என்று டி.வி.யில் கூவினார். நீதிமன்ற உத்தரவை மீறிப் பொய் விளம்பரம் செய்ததற்காக 2014இல் அவருக்குப் பத்து ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஊசிக்குப் பயந்தவர்களுக்காக நாக்கில் விடும் 'ஹோமியோபதி' சொட்டு மருந்தும் வந்தது. எச்.சி.ஜி. ஒரு புரதம். இன்சுலினைப் போலவே விழுங்கினால் வயிற்றில் செரித்துப்போகும். 2011இல் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஏழு நிறுவனங்களை எச்சரித்து, இந்தச் சொட்டுகளை விற்பது சட்டவிரோதம் என்றது.

உண்மையான ஊசி மருந்தின் விவரச் சீட்டிலோ, 1970களிலிருந்தே அந்நாட்டில் ஒரு வாசகம் அச்சாகி வருகிறது. உணவைக் குறைப்பதால் குறையும் எடைக்கு மேல் இது எதையும் குறைப்பதாகச் சான்று இல்லை. உடம்பை வடிவாக்குவதாகவும் சான்று இல்லை. பசியைத் தணிப்பதாகவும் இல்லை. நாற்பது நாள் ஊசி போட்டுக்கொள்பவரிடம் அந்தச் சீட்டை யாரும் பிரித்துக் காட்டுவதில்லை.