இடுக்கு வழியே தெரியும் வால்

உடன் வந்த பெண்ணுக்குப் பலத்த காயம். அவளைக் காப்பாற்ற ஒரு மருத்துவப் பெட்டி வேண்டும். அது சான் கிறிஸ்டோபல் மருத்துவப் பிரிவுக்குள் எங்கோ இருக்கிறது. குனிந்தபடியே உள்ளே போகிறேன். தலைக்கு மேல் காற்றுக்குழாயில் எதுவோ தடதடவென ஓடுகிறது. கையிலிருக்கும் மோஷன் டிராக்கர் ‘பீப்’ என்கிறது. அடுத்த ‘பீப்’ இன்னும் சீக்கிரம் வருகிறது. சுவரோரம் ஓர் இரும்பு லாக்கர். உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

கதவின் இடுக்குகள் வழியே அறையின் கீற்றுகள் மட்டும் தெரிகின்றன. கனமான காலடிகள். முதலில் வால் கடந்து போகிறது. பிறகு கால்கள் திரும்புகின்றன. நீளமான அந்தத் தலை கதவுக்கு நேராக வந்து நிற்கிறது. திரையில் இரண்டு கட்டளைகள்: பின்னால் சாய், மூச்சை அடக்கு. பட்டன்களை அழுத்திப் பிடிக்கிறேன். மூச்சை அடக்க அடக்க உடல்நலக் கோடு குறைந்துகொண்டே வருகிறது. விட்டால் அதற்குக் கேட்டுவிடும். பிடித்துக்கொண்டே இருந்தால் உயிர் கரையும். ஒரு வழியாக அது நகர்ந்தது. மூன்று நொடி பொறுத்து வெளியே வந்தேன். அது போகவில்லை, மூலையில் திரும்பியிருந்தது. குனிந்து பார்த்தால் என் மார்பைத் துளைத்துக்கொண்டு வால் நுனி வெளியே நின்றது.

‘ஏலியன்: ஐசொலேஷன்’ கேமை முதன்முதலாக விளையாடியபோது நான் செத்த விதம் இது. இங்கிலாந்தின் ஹார்ஷம் நகரில் இயங்கும் கிரியேட்டிவ் அசெம்ப்ளி உருவாக்க, சேகா 2014 அக்டோபர் 7 அன்று வெளியிட்டது. ரிட்லி ஸ்காட் இயக்கி 1979இல் வந்த ‘ஏலியன்’ படத்தின் கதைக்கு 15 ஆண்டுகள் கழித்து, 2137இல் நடக்கிறது இந்தக் கதை. படத்தின் நாயகி எலன் ரிப்ளி காணாமல் போய்விட்டாள். அவளுடைய கப்பலின் பதிவுக்கருவி கிடைத்திருப்பதாகச் செய்தி வர, மகள் அமண்டா செவஸ்டோபோல் விண்வெளி நிலையத்துக்குக் கிளம்புகிறாள். நாம் விளையாடுவது அமண்டாவாக. அவள் ஓர் இன்ஜினீயர், போர்வீராங்கனை அல்ல. அவள் கையில் ரிவால்வர் கிடைக்கும்தான். ஆனால், அந்த ஜந்துவை எதைக்கொண்டு சுட்டாலும் கொல்ல முடியாது. இந்த ஒரு முடிவிலிருந்துதான் மற்ற எல்லாமே பிறக்கின்றன. சுட்டுத் தீர்க்க வழியில்லை என்றால் மிஞ்சுவது மறைவதும் கேட்பதும் காத்திருப்பதும்தான்.

கிரியேட்டிவ் அசெம்ப்ளி அதுவரை பெயர் வாங்கியது ‘டோட்டல் வார்’ வரிசைக்காக. ஆயிரக்கணக்கான வீரர்கள் ஒரே களத்தில் மோதும் கேம்கள் அவை. அதே நிறுவனம்தான் இங்கே ஒரே ஒரு ஜந்துவை வைத்து ஒரு முழு கேமைக் கட்டியிருக்கிறது. அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு அவர்கள் மீது பெரிய மரியாதை உண்டு.

அந்த ஜந்து எப்படி நம்மைத் தேடுகிறது என்பதுதான் இந்த கேமின் உயிர். பெரும்பாலான மறைந்தாடும் கேம்களில் காவலாளிகள் போட்ட கோட்டிலேயே நடப்பார்கள். இரண்டு முறை கவனித்தால் நேரம் பிடிபட்டுவிடும். இங்கே அது நடக்காது. இதற்குள் இரண்டு மூளைகள் வேலை செய்கின்றன. ஒன்று மேலே இருந்து பார்க்கும் இயக்குநர். நாம் எங்கே இருக்கிறோம் என்று அதற்கு எப்போதும் தெரியும். இன்னொன்று ஜந்துவின் சொந்த மூளை. அதற்கு நம் இருப்பிடம் தெரியாது. கண்ணாலும் காதாலும் கண்டுபிடித்தாக வேண்டும். கண்ணாமூச்சி ஆட்டத்தில், தேடுகிறவனிடம் வெளியே நிற்கும் ஒருவன் “அந்தப் பக்கம் பார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதைப் போல, இயக்குநர் ஜந்துவுக்கு ஒரு திசையைக் காட்டிக் கொடுக்கும். எந்த அறை, எந்த லாக்கர் என்பதைச் சொல்லாது. மிச்சத்தை அது தானே தேட வேண்டும்.

அதே இயக்குநர் நமக்கும் கொஞ்சம் கருணை காட்டும். ஜந்து எவ்வளவு அருகில் இருக்கிறது, நம் கண்ணில் படுகிறதா, டிராக்கரில் தெரிகிறதா என்பதையெல்லாம் வைத்து நம்முடைய பதற்றத்தை அது கணக்கிடும். அளவு மீறும்போது ஜந்துவை மறுபடி காற்றுக்குழாய்க்குள் அனுப்பிவிடும். அந்த இடைவெளியில்தான் வேலையை முடித்தாக வேண்டும். ஜந்துவின் மூளையோ கிளை கிளையாகப் பிரியும் ஒரு மரம். சில கிளைகள் ஆரம்பத்தில் பூட்டியிருக்கும். நம் நடவடிக்கைகளுக்கு ஏற்ப அவை ஒவ்வொன்றாகத் திறக்கும். ஒரே தந்திரத்தை நம்பியிருந்தால் அந்தத் தந்திரமே ஒரு கட்டத்தில் காட்டிக் கொடுத்துவிடும். விளையாடுகிறவருக்கு ‘இது என்னைப் படித்துவிட்டது’ என்று தோன்றும். அந்த உணர்வுக்கு நிகரான பயத்தை எந்தப் பேய்முகமும் எனக்குக் கொடுத்ததில்லை.

மோஷன் டிராக்கரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது அசைவை மட்டுமே காட்டும். ஜந்து அசையாமல் நின்றால் திரையில் புள்ளி இருக்காது. அது நம் தளத்தில் இருக்கிறதா, கூரைக்கு மேல் இருக்கிறதா என்றும் சொல்லாது. டிராக்கரைப் பார்க்கும்போது எதிரே இருக்கும் காட்சி மங்கலாகிவிடும். காட்சியைப் பார்த்தால் டிராக்கர் மங்கலாகும். போதாததற்கு, ஜந்து பக்கத்தில் இருந்தால் அந்த ‘பீப்’ சத்தமே அதற்குக் கேட்கும். உதவும் கருவியே ஆபத்தும் ஆகிறது. அதனால் கொஞ்ச நேரத்தில் கண்ணைவிடக் காதை நம்பத் தொடங்கிவிடுவோம். குழாய்க்குள் தடதடப்பு என்றால் அது மேலே இருக்கிறது. ‘தொப்’ என்று விழும் சத்தம் என்றால் தரைக்கு இறங்கிவிட்டது. கூரைத் துளையிலிருந்து எச்சில் ஒழுகினால் அதன் கீழே போகவே கூடாது. 2015இல் இந்த கேமின் ஒலியமைப்புக்கு பாஃப்டா விருது கிடைத்தது. இந்த கேமுக்குக் கிடைத்த பாராட்டுகளில் மிகச் சரியானது அதுதான் என்பேன்.

ஒரு படி மேலே போய், எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் கினெக்ட், பிளேஸ்டேஷன் 4இன் கேமரா ஆகியவற்றின் மைக் வழியாக நம் வீட்டு அறையின் சத்தத்தையும் ஜந்து கேட்கும்படி ஒரு வசதி வைத்தார்கள். நாற்காலி கிரீச்சிட்டாலும், பக்கத்து அறையிலிருந்து யாராவது கூப்பிட்டாலும் செவஸ்டோபோலில் அது தலையைத் திருப்பும்.

சேவ் செய்வதுகூட இங்கே சும்மா கிடைக்காது. சுவரில் இருக்கும் அவசரத் தொலைபேசியில் அட்டையைச் செருகி, மூன்று விளக்குகளும் ஒவ்வொன்றாக எரியும்வரை நிற்க வேண்டும். அந்தச் சில நொடிகளில் முதுகு திறந்து கிடக்கும். எவ்வளவோ பேர் அங்கேயே செத்திருக்கிறார்கள். இருபது நிமிட உழைப்பு போய்விட்டதே என்று கோபம் வரும்தான். ஆனால், அந்த இழப்பு இல்லாவிட்டால் லாக்கருக்குள் மூச்சடக்குவதற்கு அர்த்தமே இருக்காது.

புதிதாக விளையாடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறும் லாக்கர்தான். அதைப் பாதுகாப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். உள்ளே உட்கார்ந்தே இருந்தால் வேலையும் நகராது, ஜந்துவும் அறையை விட்டு வெகுதூரம் போகாது. மேஜைக்கு அடியில், தடுப்புக்குப் பின்னால், எப்போதும் இரண்டாவது வழி இருக்கும் இடத்தில் பதுங்குவது மேல். ஓடக் கூடாது. சத்தம் எழுப்பும் கருவியை வேறு பக்கம் எறிந்து அதைத் திசைதிருப்பலாம். நிலையத்தில் உயிரோடிருக்கும் மனிதர்களிலும் பலர் கண்டதும் சுடுகிறவர்கள். அவர்கள் நடுவே அந்தக் கருவியை வீசினால் ஜந்து குழாயிலிருந்து இறங்கி வந்து மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். முதல்முறை அதைச் செய்தபோது மேஜைக்கு அடியில் அவர்களின் அலறலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜெயித்த சந்தோஷம் வரவில்லை.

குறையும் உண்டு. கதையின் நடுவில் தீயுமிழும் துப்பாக்கி கைக்கு வருகிறது. அதனாலும் ஜந்துவைக் கொல்ல முடியாது, விரட்டலாம். எரிபொருள் குறைவுதான் என்றாலும், விரட்ட ஒரு வழி இருக்கிறது என்ற எண்ணம் வந்ததுமே பயத்தில் பாதி போய்விடுகிறது. வொர்க்கிங் ஜோ எனப்படும் ரோபோக்களுடன் மல்லுக்கட்டும் பிற்பகுதியும் நீளம். நான்கு மணி நேரத்தைத் தாராளமாக வெட்டியிருக்கலாம். ஆனால், முதல் பத்து மணி நேரத்துக்கு ஈடாக நான் வேறெதையும் விளையாடியதில்லை.

‘ஆம்னீஷியா: தி டார்க் டிசென்ட்’ 2010இலும், ‘அவுட்லாஸ்ட்’ 2013இலும் ஆயுதமே இல்லாமல் நம்மை இருட்டில் விட்டன. இரண்டும் அருமையானவை. ஆனால், அவை பெரும்பாலும் எழுதி வைத்த இடத்தில் எழுதி வைத்தபடி பயமுறுத்துகிறவை. இரண்டாம் முறை போகும்போது எது எங்கே வரும் என்று தெரியும். செவஸ்டோபோலில் அது தெரியாது. ஐந்தாவது முறை விளையாடும்போதும் சான் கிறிஸ்டோபல் கதவைத் திறக்கக் கை தயங்குகிறது.

2024 அக்டோபர் 7, கேமின் பத்தாம் ஆண்டு நிறைவு நாளில், இதன் படைப்புத் தலைவர் அலிஸ்டர் ஹோப் இரண்டாம் பாகம் தொடக்க நிலையில் இருப்பதாக அறிவித்தார். அது வரும்போது வரட்டும். 2021 டிசம்பரிலிருந்து முதல் பாகம் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கிறது. போனில் விளையாடினாலும் நல்ல ஹெட்செட் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் மருத்துவப் பிரிவுக்குள் போகாதீர்கள்.